போறணைக் கொட்டிலும் பீலி ஓடும்

இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்து உல்லாச விடுதிகளிலும் கொழும்பு நகரத்துச் செல்வர் மனைகளின் பின்முற்றங்களிலும் அண்மைக் காலத்தில் ஒரு சிறு கட்டடம் இடம்பெறத் தொடங்கியுள்ளது. நாற்புறமும் திறந்து, நான்கு தூண்களின்மேல் நிற்கும் அக்கொட்டிலின் நடுவே செங்கல்லால் எழுப்பிய குவிமாடப் போறணை ஒன்று அமைந்திருக்கும். அதில் வேகுவது இத்தாலியரின் பீட்சா. போறணையைக் கட்டுவதிற் செலவிடும் கவனத்திலும் கூடிய கவனம் கூரைக்குரிய ஓட்டைத் தேடுவதிற் செலவிடப்படுகின்றது. சூளையிலிருந்து புதிதாக வந்த ஓட்டை எவரும் விரும்புவதில்லை. பாசி படர்ந்து, நிறம் மங்கி, விளிம்பு தேய்ந்த பழைய பீலி ஓடே வேண்டப்படுகின்றது. அது கிடையாதவிடத்து, பழைமை தோன்றும்படி நிறமூட்டிய புத்தோட்டைத் தேடுவோரும் உளர்.

நாட்டுப்புறச் சாயல் வேண்டும் என்பதே இத்தெரிவுக்குக் கூறப்படும் முதற் காரணம். ஆயின் நாட்டுப்புறத்து மக்கள் எக்காலத்திலும் தம் கூரைக்குரிய ஓட்டைத் தோற்றங் கருதித் தெரிந்தெடுத்தவரல்லர். அவர்களுடைய தலைக்குமேல் ஓடு இருக்கலாமா என்பதை அரசாணையும், சாதிக் கட்டுப்பாடும், சூளையின் தொலைவும், கைப்பணமுமே தீர்மானித்தன. இன்று அழகுக்காகத் தெரியப்படும் பொருள், ஒரு காலத்தில் அனுமதிக்காக ஏங்கப்பட்ட பொருள். கூரை ஓட்டின் வரலாற்றில் மையமான செய்தி இதுவே எனலாம்.

போறணை என்னும் சொல்லே ஒரு சான்றாகும். போர்த்துக்கேய மொழியின் ‘போர்னோ’ என்பதிலிருந்து அது தமிழுக்கு வந்தது. பாண், குசினி, கதிரை, அலுமாரி, யன்னல் ஆகியனவும் அதே கப்பலில் வந்திறங்கியவையே. இத்தாலிய மொழியிலும் அடுப்புக்குப் ‘போர்னோ’ என்றே பெயர். இரண்டுக்கும் இலத்தீன் மூலம் ஒன்று. ஆகவே பீட்சா அடுப்பு ஈழத்துக்கு முற்றிலும் அந்நியமானதொரு பொருள் எனல் பொருந்தாது. யாழ்ப்பாணத்துப் பாண் போறணையும் நேப்பிள்சு நகரத்து அடுப்பும் வடிவில் நெருங்கிய உறவுடையன. வேறுபாடு எரிக்கும் முறையில் உள்ளது. பாண் போறணையில் விறகை உள்ளே எரித்து, செங்கல் வெப்பத்தை உண்ட பின்னர் தணலை வெளியே வாரி, எஞ்சிய சூட்டில் மாவை வேகவைப்பர். பீட்சா அடுப்பிலோ நெருப்பு உள்ளே ஒரு புறத்தில் எரிந்துகொண்டே இருக்கும். வெப்பம் 400 பாகை செல்சியசைத் தாண்டும். ஒன்றரை நிமிட அளவிற் பண்டம் வெந்துவிடும். அடுப்பின் வாய் திறந்தே இருப்பதாற் சுவாலையும் பொறியும் வெளிப்படுதல் இயல்பு.

அத்தகைய அடுப்புக்குக் கூரை எதற்கு என்று வினவலாம். செங்கல்லும் அதனை இணைக்கும் சாந்தும் நீரை உறிஞ்சுவன. மழையில் நனைந்த குவிமாடத்தில் உடனே நெருப்பு மூட்டினால், உள்ளே தங்கிய நீர் ஆவியாகி வெளியேற வழிதேடும், குவிமாடம் வெடிக்கும். பருவமழை நாட்டில் கூரையற்ற போறணை சில ஆண்டுகளுக்குமேல் நில்லாது. எனவே மழைக்குக் கூரை வேண்டும். அக்கூரையோ நெருப்புக்கு இரையாகாததாக இருத்தல் வேண்டும். ஓலையும் வைக்கோலும் முதலாவதைச் செய்யும், இரண்டாவதைச் செய்யா. தகரம் இரண்டையும் செய்யும். ஆயினும் அதன்கீழ் நின்று மாப்பிசைவோனின் நிலை இரங்கத்தக்கது.

அடுப்பும் கூரையும் கொண்ட இப்பகையை நகரங்கள் பெருவிலை கொடுத்தே கற்றன. இலண்டன் மாநகர் 1212 ஆம் ஆண்டில் எரிந்தபோது, நாணலாலும் வைக்கோலாலும் கூரை வேய்வதை நகராட்சி தடைசெய்தது; ஓடு, மரச்செதில், பலகை, ஈயம் என்பவற்றையே அனுமதித்தது. அதே ஆணை பாண் சுடுவோரையும் மது வடிப்போரையும் தனியே விளித்து, அவர்கள் வைக்கோலையும் நாணலையும் எரிபொருளாகக் கொள்ளலாகாது, விறகையே எரிக்க வேண்டும் என விதித்தது. பறக்கும் பொறியின் தன்மையை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. எனினும் மரச்சுவர்கள் எஞ்சின. 1666 செப்டெம்பர் 2 ஆம் நாள் புடிங் ஒழுங்கையில் தோமசு பரினர் என்னும் பாண்காரரின் கட்டடத்தில் எழுந்த தீ ஏறத்தாழ 13,200 வீடுகளை அழித்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் சுவரையும் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமைக்கும்படி கட்டளையிட்டது. ஓட்டுக் கூரை மட்டும் நகரைக் காவாது என்பதை அறிய 450 ஆண்டுகளுக்குமேற் சென்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களில் இத்தகைய சட்டங்கள் இருந்தில. பனையோலையும் தென்னங்கிடுகும் கூரையாக இருந்த காலத்தில், குசினியை வீட்டினின்று விலக்கித் தனிக்கொட்டிலாகக் கட்டும் வழக்கமே சட்டத்தின் வேலையைச் செய்தது. கோடையில் காய்ந்த ஓலைமேல் ஒரு பொறி விழுந்தாற் குசினி போகும், வீடு தப்பும். ஆயின் நாள்தோறும் இரவிரவாக எரியும் பாண் போறணைக்கு இவ்வேற்பாடு போதாது. பேக்கரித் தொழில் பரவிய இடமெங்கும் ஓடோ தகரமோ அதனுடன் சேர்ந்தே சென்றமைக்குக் காரணம் இதுவே.

பீட்சாவின் தாயகத்துக்குச் சென்றால் ஓட்டின் மூதாதையரைக் காணலாம். கிரேக்க நாட்டின் லேர்ணா என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, கிறித்துவுக்கு முன் மூன்றாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த மாளிகை, அங்கு கிடைத்த சுடுமண் ஓடுகளால் ‘ஓட்டு மாளிகை’ என்றே பெயர்பெற்றது. உரோமர் இருவகை ஓட்டை இணைத்தனர். விளிம்பு உயர்ந்த தட்டையான ஓடு கீழே. இரு தட்டையோடுகள் சந்திக்கும் இடைவெளியை மூடும் வளைந்த ஓடு மேலே. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பல் மூடிய பொம்பெய் நகரத்துப் பாண் கடைகளில் இன்றும் நிற்கும் குவிமாட அடுப்புகள் இவ்விணைக் கூரையின் காலத்தவை. உரோமப் பேரரசு தளர்ந்தபின் தட்டையோடு மெல்ல வழக்கொழிந்தது. வளைந்த ஓடு ஒன்றையே மல்லாத்தியும் கவிழ்த்தும் இரு பணிக்கும் பயன்படுத்தும் முறை இத்தாலியிலும் ஐபீரியத் தீபகற்பத்திலும் நிலைத்தது. மல்லாந்து கிடப்பது பீலி. கவிழ்ந்து கிடப்பது மூடி. ஈழத்துப் பீலி ஓடும் அவ்வாறே வேயப்படுகின்றது. பீட்சா அடுப்புக்குமேற் பழைய பீலி ஓட்டைக் காணும் இத்தாலியப் பயணி தன் ஊரை நினைவுகூர்வது இதனாலேயே.

சிங்கள மொழியில் இவ்வோட்டுக்குச் ‘சிங்கள உளு’ என்று பெயர். ‘உளு’ ஓடு. பின்னர் கடல்கடந்து வந்த ஓட்டுக்கு ‘ரட்ட உளு’, அதாவது பிறநாட்டு ஓடு என்று பெயராயிற்று. பெயரை வைத்து மட்டும் பொருளின் பிறப்பிடத்தை முடிவுகட்டுதல் ஆய்வாளர்க்கு ஆபத்தானது. கண்டிப் பகுதியின் பழைய தலங்களுள் ஒன்றான எம்பெக்கே தேவாலயத்தின் கூரையிற் காணப்படுவது வளைந்த ஓடன்று, தட்டையோடு. காலியின் ஒல்லாந்தர் கோட்டைக்குள்ளே தெருத்தெருவாகக் காணப்படுவது பீலி ஓடு. இரு மரபுகள் இத்தீவிற் சந்தித்துள்ளன என்ற அளவிற் கொள்ளுதல் போதுமானது.

இத்தகைய ஓட்டை யார் பயன்படுத்தலாம் என்பதே அடுத்த வினா. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சியிற் சிறைப்பட்டு, 1660 முதல் 1679 வரை மலைநாட்டு ஊர்களில் வாழ்ந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலிற் குடிகளின் வீட்டை விவரித்துள்ளார். தடிகளை நட்டு மண் அப்பிய, தாழ்ந்த, புல்லோ ஓலையோ வேய்ந்த குடில்கள் அவை. மாடி எழுப்புதல் ஆகாது, ஓடு வேய்தல் ஆகாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசுதல் ஆகாது என்பன அன்றைய கட்டளைகள் என்று அவர் குறித்துள்ளார். சுண்ணாம்புக்குப் பதிலாக வெண்களிமண்ணைச் சிலர் பூசினர் என்ற அவரது குறிப்பு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. தடையின் எழுத்தை மதித்து அதன் நோக்கத்தை மீறிய குடிமக்களின் சிறு தந்திரம் அது. ஓட்டுக்கு அத்தகைய மாற்று இல்லை. ஓலையை ஓடாகக் காட்டும் வித்தையை எவரும் கண்டிலர். ஆகையால் ஒரு மேட்டில் ஏறி நின்று கீழே நோக்கினாற் போதும். எது கோயில், எது அரண்மனை, எது குடியானவன் மனை என்பதைக் கூரைகளே சொல்லிவிடும். சமூகப் படிநிலையை இத்துணைத் தெளிவாகக் கண்ணுக்குக் காட்டும் பொருள்கள் மிகச் சிலவே.

பாக்கு நீரிணைக்கு அப்பால் மலையாளக் கரையில் இக்கட்டுப்பாடு சாதியின் வடிவிலே நின்றது. ஓட்டுக் கூரை கோயிலுக்கும் கோவிலகத்துக்கும் உரிய சிறப்பாகக் கருதப்பட்டது. திருவிதாங்கூரிலும் மலபாரிலும் தாழ்த்தப்பட்டோர் ஓட்டு வீடு கட்டுதல் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. குடை பிடித்தல், செருப்பணிதல், பொன்னணி பூணுதல், மேலாடை தரித்தல் என்பவற்றோடு ஓடும் அப்பட்டியலிற் சேர்ந்திருந்தது. குயவரின் சூளை அருகே இருக்கலாம். ஓட்டுக்குரிய விலையும் கையில் இருக்கலாம். ஆயினும் தென்னங்கிடுகின்கீழேயே வாழ வேண்டும். மண்ணை மிதித்துக் குழைத்து ஓட்டை வனைந்தவனின் குடிலுக்கும் பெரும்பாலும் ஓலைதான். உற்பத்தி செய்பவன் தன் உற்பத்தியினின்று அந்நியப்படுதல் என்று பொருளியலார் கூறுவதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இந்நிலையை மாற்றிய சக்தி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் 1815இல் நிறுவப்பட்ட புரட்டசுத்தாந்து மிசன் 1834இல் இந்தியாவின் மேற்குக் கரையை அடைந்து மங்களூரிற் பணி தொடங்கியது. அதனைச் சேர்ந்தோரிற் பலர் கள்ளிறக்கும் தொழிலுக்குரிய பில்லவ, தீய்ய சமூகத்தினர். மதம் மாறியோர் சாதியாரால் ஒதுக்கப்பட்டனர். கள்ளிறக்குவதை மிசனோ பாவத்தொழிலாகக் கருதியது. ஒரே நாளில் உறவையும் தொழிலையும் இழந்தவர்க்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. அச்சகமும் நெசவுச் சாலையும் முதலில் நிறுவப்பட்டன. பின்னர், அச்சுத்தொழில் அறிந்த ஜியோர்க் பிளெப்சு என்னும் ஜேர்மானியர் மங்களூரின் ஆற்றங்கரைக் களிமண்ணில் ஓட்டுக்குரிய தன்மையைக் கண்டு, 1865இல் ஜெப்புவில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார்.

அவர் செய்த ஓடு பீலி ஓடன்று. பாசல் நகருக்கு அண்மையில், பிரான்சின் அல்சாசுப் பகுதியைச் சேர்ந்த அல்ற்கேர்ச்சு என்னும் ஊரில், ஜிலர்டோணி உடன்பிறந்தோர் 1841இல் ஒருவகைத் தட்டையோட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். அதன் ஒரு விளிம்பிற் பள்ளமும் மறு விளிம்பில் மேடும் இருக்கும். பக்கத்து ஓட்டின் மேடு இதன் பள்ளத்திற் கவ்விக்கொள்ளும். ஓடு ஒன்றன்மீது ஒன்று பாதியளவு படிய வேண்டியதில்லை. ஆகவே கூரையின் பாரம் குறைந்தது. தாங்கும் மரமும் குறைந்தது. காற்றோடு சாய்ந்தடிக்கும் மழையும் உள்ளே ஏற இயலாதாயிற்று. மார்செய்த் துறைமுகத்தார் இதனைப் பெருக்கி உலகெங்கும் அனுப்பினர். பிளெப்சு அதனை மேற்குக் கரையின் களிமண்ணிலே வார்த்தார். ஓரளவான ஓடு ஒன்று இரண்டு முதல் மூன்று கிலோகிராம் நிறையுடையது. ஒரு சதுர மீற்றர் கூரைக்கு ஏறத்தாழ 15 ஓடுகள் போதும். தென்மேற்குப் பருவமழையின் முழு வேகத்தையும் ஏற்கும் கரைக்கு இத்தகைய ஓடு வரப்பிரசாதமாயிற்று என்பதில் வியப்பில்லை.

களிமண்ணைக் குழைக்கும் பொறியை முதலில் எருதுகள் சுழற்றின. பின்னர் நீராவி சுழற்றியது. கள்ளிக்கோட்டையிலும் பிற இடங்களிலும் மிசன் மேலும் தொழிற்சாலைகளை நிறுவியது. அவற்றைப் பார்த்து உள்ளூர் முதலாளிகளும் தொடங்கினர். இலங்கையில் இன்றும் இவ்வினத்து ஓடு, எங்குச் செய்யப்பட்டதாயினும், கள்ளிக்கோட்டை ஓடு என்றே வழங்குவதும், தமிழகத்திற் சீமையோடு எனப்படுவதும் இதனாலாகும். முதலாம் உலகப்போர் மூண்டபோது ஜேர்மானியத் தொடர்பு காரணமாக மிசனின் தொழிற்சாலைகளைப் பிரித்தானிய அரசு கைப்பற்றியது. 1919இல் அவை பொதுநல நம்பிக்கைக் கம்பனியின் கைக்கு மாறின. ஓட்டின் உட்புறத்திற் பொறிக்கப்பட்டிருக்கும் 1865 என்னும் எண்ணைக் கண்டு தம் வீடு அவ்வாண்டிற் கட்டப்பட்டதென்று பெருமைகொள்வோர் உளர். அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டேயன்றி ஓடு சுட்ட ஆண்டன்று.

மிசனின் நோக்கம் சமத்துவமா, இலாபமா, ஆன்ம மீட்பா என்ற விவாதம் முடிவுறாதது. தொழிற்சாலை மணியும் கூலிப்பதிவும் பழைய சாதித்தளையின் இடத்திற் புதியதொரு தளையை வைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. குயவரின் திகிரியும் இழப்புக்குள்ளாயிற்று. நாட்டோடு செய்யும் குயவர் களிமண்ணைக் குழாயாக வனைந்து, ஈரம் உலருமுன் நெடுக்கே கீறி, காய்ந்தபின் இரண்டாகப் பிளந்து சூளையிலிடுவர். ஒவ்வோர் ஓட்டிலும் விரற்றடம் இருக்கும். ஓர் ஓடு மற்றோர் ஓட்டைப் போலிராது. இயந்திர ஓட்டின் ஒருசீர்மைக்கும் விலைக்கும் முன்னே அது நிற்க முடியவில்லை. இருப்பினும் ஓர் உண்மையைப் பதிவுசெய்தல் வேண்டும். ஓடு சந்தைப் பண்டமான நாள்முதல், யாருடைய கூரைக்கு அது செல்கிறது என்று சூளை கேட்கவில்லை. எந்த மக்களுக்கு ஓட்டுக் கூரை மறுக்கப்பட்டிருந்ததோ அவர்களின் கைகளே அத்தொழிற்சாலைகளில் ஓட்டை வார்த்தன. ஆணையால் நின்ற தடையைச் சந்தை தளர்த்தியது. அதன் இடத்தில் விலை என்னும் தடை வந்தது.

கண்டியிராச்சியம் 1815இல் வீழ்ந்தபின் பழைய ஆணைகளும் வலுவிழந்தன. யாழ்ப்பாணத்தில் ஓட்டு வீட்டின் பெருக்கம் வெளியூர்ப் பணத்தோடு பிணைந்தது. திருவிதாங்கூருக்குச் சென்ற புகையிலையும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் மலாயாவுக்குச் சென்ற எழுதுவினைஞரும் ஈட்டிய செல்வம் கல்வீடாகவும் நாற்சார் வீடாகவும் உருப்பெற்றது. பாய்க்கப்பல் வாணிகத்தில் இந்தியாவிலிருந்து வந்திறங்கிய பண்டங்களுள் ஓடும் ஒன்று. அதனைத் தாங்கும் வளையும் கைமரமும் சலாகையும் குடாநாட்டுப் பனை தந்தவை. முற்றிய பனையின் வைரம் கறையானுக்கு இலகுவில் இடங்கொடாது. ‘ஓட்டு வீடு’ என்ற சொல் திருமணப் பேச்சுகளில் ஒரு தகைமையாக இடம்பெற்றது. ஆணையின்றியே, கூரை மீண்டும் தரத்தின் அடையாளமாயிற்று.

உள்நாட்டு உற்பத்தியும் வளர்ந்தது. மகா ஓயாவின் களிமண்ணை நம்பி வைக்கால், கொச்சிக்கடை, தங்கொட்டுவைப் பகுதிகளில் ஓட்டுச் சூளைகள் பெருகின. வன்னியில் ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. போர் அதனை மூடியது. அவ்வூர்ப் பெயரிலுள்ள ‘ஒட்டு’, குரக்கன் அறுத்தபின் எஞ்சிய தாளைக் குறிப்பதாகத் தலவரலாறு கூறும். ஓடு சுட்ட ஊர் என்று பொருள்கொள்வது இனிய பிழை.

பீலி ஓட்டின் மதிப்பு மீண்டும் உயர்ந்தமைக்குக் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவின் பங்கு பெரிது. 1960களில் அவர் ஓர் உத்தியைக் கையாண்டார். அலைவடிவ அஸ்பெஸ்ரோஸ் சீமெந்துத் தகட்டைக் கூரையாக இட்டு, அதன் பள்ளங்களின்மேற் பீலி ஓட்டை அடுக்கினார். நீரைத் தடுப்பது தகடு. கண்ணுக்குத் தெரிவது ஓடு. வெயிலைத் தாங்குவதும் ஓடே. பீலி ஓடு ஒழுகும் என்ற பழைய முறைப்பாடு தீர்ந்தது. ஆண்டுதோறும் ஓடு பிரித்து வேயும் செலவும் குறைந்தது. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் தேடி வாங்கிப் புதிய கட்டடங்களிற் பொருத்தியவரும் அவரே. விடுதிக் கட்டடங்கள் அவர் வழியைப் பின்பற்றின. நூறு ஆண்டுகளாகக் கள்ளிக்கோட்டை ஓட்டுக்கு முன்னே தாழ்ந்து நின்ற ஓடு அழகுப்பொருளாக உயர்ந்தது இவ்வாறே. இந்த உயர்வில் ஒரு முரண் உண்டு. கூரையாக இருந்த ஓடு, கூரையின்மேற் போர்த்த ஆடையாயிற்று. அதன் பழைய தொழிலை இன்று தகடு செய்கின்றது.

வடக்கிலே பழைய ஓட்டுக்கு வேறொரு கதை நேர்ந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்தது. பொருளாதாரத் தடை நிலவிய அவ்வாண்டுகளிற் சீமெந்து வருவதும் தடுக்கப்பட்டிருந்தது. 2009இல் போர் முடிந்தபின் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பியோரிற் பலர் கண்டது சுவர்களையே. ஓடும், சலாகையும், கதவு நிலையும் போயிருந்தன. நாற்சார் வீட்டின் நடுமுற்றத்தில் மட்டும் தெரிந்த வானம் எல்லா அறைகளிலும் தெரிந்தது. மறுபடி கூரையிட முயன்றோரிற் பலர் எட்டக்கூடிய விலையென்று தகட்டையே தெரிந்தனர். ஒரு தலைமுறை ஈட்டிய ஓட்டை அடுத்த தலைமுறை இழந்த வரலாறு அது. பழைய ஓடு விற்கும் முற்றங்களில் அடுக்கப்பட்டிருக்கும் குவியல் எந்த வீட்டின் தலையினின்று இறங்கியது என்பதை ஓட்டின் முத்திரை சொல்லாது. நாட்டுப்புறச் சாயல் தேடி வருவோர் இதனையும் கேட்டு வாங்குதல் தகும்.

இனிப் போறணைக் கொட்டிலுக்கே மீளலாம். மேற்கூறிய வரலாறு தெரிவுக்கு உதவுமா எனின், உதவும். முதலாவது, பாவாவின் உத்தியைப் போறணைக்குமேல் அப்படியே பின்பற்றுதல் பொருந்தாது. அவ்வகைத் தகடு மிகு வெப்பத்தில் வெடிக்குந் தன்மையது. பழைய தகட்டிலுள்ள அஸ்பெஸ்ரோஸ் நார் மூச்சில் ஏறினால் நுரையீரலுக்கு நஞ்சு. திறந்த கொட்டிலிற் சிறிது மழைச்சாரல் உட்புகுவதாற் கேடில்லை. குவிமாடத்தின்மேல் நேரே சொட்டாதவரை பீலி ஓட்டைச் சலாகையின்மேல் தனியே வேய்வதே தக்கது. இரண்டாவது, பீலி ஓட்டைப் பிணைப்பது அதன் நிறையும் உராய்வுமே. கவ்வும் பள்ளம் அதற்கில்லை. சரிவு மிகுந்தால் ஓடு வழுக்கும். குறைந்தால் நீர் பின்வாங்கும். நாற்புறமும் திறந்த கொட்டிலிற் காற்று அடியிலிருந்து தூக்கும் என்பதால், தாழ்வாரத்து முதல் வரிசையையும் முகட்டோட்டையும் சுண்ணச் சாந்தால் இறுக்குதல் வேண்டும். காற்று மிகுந்த கடற்கரைத் திறந்தவெளியாயின், தோற்றத்தை விட்டுக்கொடுத்துக் கள்ளிக்கோட்டை ஓட்டைக் கம்பியாற் கட்டி இடுவதே விவேகம். மல்லாந்தும் கவிழ்ந்தும் இருமடங்காகப் படியும் பீலி ஓட்டின் பாரம் கள்ளிக்கோட்டை ஓட்டினதைவிட மிகும். மெல்லிய இரும்புக்குழாய்த் தூண்களில் அதனை ஏற்றுவோர் இதனை மறத்தலாகாது.

புகைபோக்கி கூரையைத் துளைத்துச் செல்லுமிடமே யாவற்றிலும் கவனத்துக்குரியது. ஓடு தீப்பற்றாது, அது ஏற்கெனவே சூளையில் எரிந்து முடிந்த பொருள். தீப்பற்றுவது அதன்கீழ் உள்ள கைமரமும் சலாகையும். 1212இன் சட்டம் கூரையின் மேற்புறத்தைக் கண்டது, உட்புறத்து மரத்தைக் காணவில்லை. 1667இன் சட்டமோ மரத்தைக் கண்டுகொண்டது. ஆகவே குழாயைச் சூழ ஒரு கை அகலத்துக்காவது மரம் இல்லாதவாறு சட்டத்தை அமைத்து, இடைவெளியைத் தகட்டாலும் ஓட்டாலும் மூட வேண்டும். சிறிய பீலி ஓட்டை வளைவுக்கேற்ப உடைத்துச் சாந்திட்டுப் பொருத்துதல் இலகு. கவ்வும் விளிம்புடைய பெரிய ஓட்டை அறுத்தாற் கவ்வும் தன்மையே போய்விடும்.

பழைய ஓட்டை வாங்குவோர் விரலாற் சுண்டிப் பார்ப்பர். கணீரென்ற ஓசை நன்கு வெந்த ஓட்டுக்கு. மந்தமான ஓசை வெடிப்புக்கோ அரைவேக்காட்டுக்கோ அடையாளம். வெவ்வேறு சூளைகளின் ஓடுகள் அகலத்திலும் ஒடுக்கத்திலும் வேறுபடுவதால், ஏற்றுவதற்குமுன் நிலத்தில் ஒரு வரிசை அடுக்கிப் பார்த்து இனம்பிரித்தல் நன்று. குவியலில் உட்புறம் கரி படிந்த ஓடுகளும் இருக்கும். அவை ஒரு காலத்தில் யாருடையதோ குசினிக்குமேற் கிடந்தவை. கறுத்துவிட்டன என்று அவற்றைக் கழிக்க வேண்டியதில்லை. போறணை எரியத் தொடங்கிய சில மாதங்களில் மற்ற ஓடுகளும் அந்நிறத்தையே பெறும். நெருப்பின்மேற் கிடந்து பழகிய அவற்றை அடுப்பின் வாய்க்கு நேரே வரும் வரிசையில் முதலில் இடலாம்.